பழைய கீசர் ஒழுகுது, புதுசு 15 லிட்டரா 25 லிட்டரா?

மாடிவீட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு கீசர் வாங்கி அஞ்சு வருஷம்கூட ஆகல, போன வாரம் அடியிலேர்ந்து சொட்ட ஆரம்பிச்சு இப்ப நிக்காம ஒழுகுது, கரண்ட ஆஃப் பண்ணி தண்ணி வர்ற வால்வையும் அடைச்சு வெச்சுட்டு காலைல அடுப்புல காய வெச்சு தூக்கிட்டு ஓடிட்டு இருக்கோம். வந்து பாத்த மெக்கானிக் டேங்க் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிச்சு ஓட்ட விழுந்துடுச்சு, இதுல கை வெக்கறது வேஸ்ட், புதுசு மாத்திடுங்கன்னு சொல்லிட்டார்.

வீட்டு நிலவரம் சொல்லிடறேன். நாங்க நாலு பேர், நான், வீட்டம்மா, 6 வயசு பையன், எங்கம்மா. காலைல ஒரு மணி நேரத்துக்குள்ள எல்லாரும் குளிச்சாகணும். எனக்கும் அம்மாவுக்கும் பக்கெட்தான், அவங்க ரெண்டு பேரும் ஷவர். போர் தண்ணி, நல்ல உப்பு, குழாய் மூக்கெல்லாம் வெள்ளையா படிஞ்சு கெடக்கும். ஓவர்ஹெட் டேங்க் நேர் மேல மொட்டமாடில இருக்கறதால ஷவர்ல வேகமே இருக்காது, அதனால போன வருஷம் ஒரு பிரஷர் பம்ப் போட்டோம், இப்ப நல்லா வருது.

கடைல ஒருத்தர் 15 லிட்டர் தாராளம்ங்கறார், இன்னொருத்தர் 25 எடுத்துக்கோங்கறார், ஃபிரண்டு 3 லிட்டர் இன்ஸ்டன்ட் போடு கரண்ட் மிச்சம்ங்கறான். எந்த கம்பெனி உப்புத் தண்ணிக்கு தாங்கும்? பழைய பைப், பழைய வால்வு, பழைய பாயிண்ட் எல்லாத்தையும் அப்படியே வெச்சுக்கலாமா? அதே பாயிண்ட்லதான் வாஷிங் மெஷினும் ஓடுது.

இன்னொரு சின்ன விஷயம், பம்ப் போட்டதுலேர்ந்து கீசருக்கு கீழ இருக்கற வால்வு தினமும் சொட்டிட்டே இருந்துச்சு, தரை எப்பவும் ஈரம், பம்ப் போட்ட பிளம்பர்ட்ட சொன்னேன், அவரு வாய்ல ஒரு எண்ட் கேப் போட்டு அடச்சிட்டார், அதுக்கப்புறம் சொட்டல. புதுசுக்கும் அதையே போட்டுக்கலாம்தானே?

நாலாம்மாடி:

25 லிட்டர் எடுங்க ப்ரோ, யோசிக்காதீங்க. நாங்க 15 வாங்கிட்டு மூணாவதா குளிக்கப் போறவன் (வேற யாரு, நான்தான்) தெனமும் பச்சத்தண்ணி. இன்ஸ்டன்ட் சமையல்கட்டு சிங்க்குக்கு சரி, ஷவருக்கு ஆகாது.

கணக்குப்புள்ள:

லிட்டர் விஷயத்த கணக்கு போட்டே பாத்துடலாம், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

ஒரு லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி ஏத்த 1.16 வாட் அவர் வேணும். இது எந்த கம்பெனி கீசருக்கும் ஒண்ணுதான், இயற்கை விதி, விளம்பரத்த பாத்து மாறாது. தொட்டித் தண்ணி 25 டிகிரி, நாம குளிக்கற சூடு 40 டிகிரின்னு வெச்சுக்குவோம். ஷவர் நிமிஷத்துக்கு 7 லிட்டர் வீதம் 5 நிமிஷம்னா ஆளுக்கு 35 லிட்டர், பக்கெட் ஆளுக்கு 18 லிட்டர். உங்க நாலு பேருக்கும் சேத்தா 106 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணி. இத 15 டிகிரி ஏத்த சுமார் 1.85 யூனிட். 15 லிட்டர் போட்டாலும் 25 போட்டாலும் இன்ஸ்டன்ட் போட்டாலும் இந்த 1.85 யூனிட் கண்டிப்பா போகும். பெரிய டேங்க் கரண்ட் குடிக்கும்னு சொல்றது பாதிதான் உண்மை, சும்மா நிக்கும்போது டேங்க் சுவர் வழியா ஆறிப்போற சூடு மட்டும்தான் கூடுதல் செலவு, அதுவும் குளிக்கறதுக்கு அரை மணி முன்னாடி போட்டு முடிஞ்சதும் அணைச்சுட்டா ரொம்ப கம்மி. நாள் பூரா ஆன்ல விட்டாதான் கடிக்கும்.

இப்ப இன்ஸ்டன்ட். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஓடிட்டு இருக்கும்போது 15 டிகிரி ஏத்தி நிமிஷத்துக்கு 2.9 லிட்டர்தான் குடுக்க முடியும். உங்க ஷவர் கேக்கறது 7. ஆக ஒண்ணு தண்ணி நூலா வரும், இல்ல சூடு இல்லாம வரும். மழைக்காலத்துல தொட்டித் தண்ணி 18 டிகிரிக்கு இறங்கிட்டா இன்னும் மோசம், 2 லிட்டர் தேறாது. ஃபிரண்டு ஒத்தையாளா பக்கெட்ல குளிக்கறவரா இருப்பார்னு நினைக்கறேன்.

15 லிட்டர் டேங்க்ல தண்ணி 60 டிகிரில இருந்தா பச்சத்தண்ணி கலந்து 40 டிகிரில 35 லிட்டர் வரும், அதாவது ஒரே ஒரு ஷவர். அப்புறம் 2 கிலோவாட் எலிமெண்ட் மறுபடி காய வெக்க 18 நிமிஷம். 25 லிட்டர்னா 58 லிட்டர், ஒரு ஷவரும் ஒரு பக்கெட்டும் அடுத்தடுத்து போயிடும், மறுபடி முழுசா காய அரை மணி. வெந்நீர் வெளிய போகப் போக பச்சத்தண்ணி உள்ள வந்து கலக்கறதால நிஜத்துல இதுலேர்ந்து கொஞ்சம் கழிச்சுக்கணும். உங்க ஒரு மணி நேர கெடுவுக்கு 25தான், மொதல்ல ஒரு ஷவர் ஒரு பக்கெட், அப்புறம் கால் மணி இடைவெளி விட்டு மத்த ரெண்டு பேரு. 15ல முடியாதுன்னு இல்ல, ஆனா பாத்ரூம் வாசல்ல தினம் சண்ட நடக்கும்.

ஸ்பேனர்சாமி:

தம்பி, லிட்டர் கெடக்கட்டும். அந்த எண்ட் கேப் விஷயத்த "சின்ன விஷயம்"னு கடைசில எழுதியிருக்கீங்களே, படிச்சதும் பக்குன்னு ஆயிடுச்சு. உங்க பதிவுலயே பெரிய விஷயம் அதுதான். இனிமே எந்த காலத்துலயும் அந்த வாய அடைக்காதீங்க, யாரையும் அடைக்க விடாதீங்க. நான் இந்த வேலைல இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன், அடச்ச வால்வோட கீசர் பாத்தா மொதல்ல மெயின் ஆஃப் பண்ணிட்டுத்தான் பேச்சே.

ஏன்னு சொல்றேன். தண்ணி சூடானா விரியும். 25 டிகிரிலேர்ந்து 60க்கு போனா கிட்டத்தட்ட நூத்துக்கு ஒண்ணரை பங்கு விரியும், கேக்க கம்மியா இருக்கும், ஆனா தண்ணிய அமுக்க முடியாது, போக வழி இல்லேன்னா டேங்க் சுவரத்தான் தள்ளும். முன்னாடி உங்களுக்கு பம்ப் இல்ல, விரிஞ்ச தண்ணி வந்த பைப் வழியாவே மொட்டமாடி தொட்டிக்கு பின்னால ஏறிப்போயிருக்கும், அதாவது அந்த வால்வுக்குள்ள இருக்கற நான்-ரிட்டர்ன் (தண்ணிய ஒரே பக்கமா மட்டும் விடற தடுப்பு) உப்பு புடிச்சு சரியா மூடாம இருந்திருக்கும். பம்ப்போட ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் சேந்து வரும். அது மாட்டினதும் பின்வழி அடச்சுப்போச்சு. அப்ப மிச்சம் இருந்த ஒரே வழி சேஃப்டி வால்வோட வாய்தான், அது சொட்டினது ரிப்பேர் இல்ல, அது தன் வேலைய பாத்துட்டு இருந்துச்சு. அந்த வாயையும் உங்க பிளம்பர் பூட்டிட்டார். அதுக்கப்புறம் தினமும் காலைல குழாய் மூடியிருக்கற நேரம் டேங்க் ஊதி ஊதி அடங்கியிருக்கு. உள்ள பூசியிருக்கற கண்ணாடி பூச்சு அந்த ஊதல்ல மயிரிழையா விரிசல் விடும், விரிசல் வழியா உப்புத்தண்ணி இரும்ப தொடும், அப்புறம் துரு, ஓட்ட. தெர்மோஸ்டாட்டும், சூடு எல்ல மீறினா கரண்ட துண்டிக்கற கட்-அவுட்டும் ஒரே நேரத்துல ஒட்டிக்கிட்டு தண்ணி கொதிக்க ஆரம்பிச்சிருந்தா ஒழுகறதோட நின்னிருக்காது, வெடிச்சிருக்கும். ஓட்ட விழுந்தது உங்க அதிர்ஷ்டம்னுதான் சொல்வேன்.

ஒரு உதவி பண்ணுங்க, பழச கழட்டும்போது ஆனோட் ராட எடுத்து பாத்து சொல்லுங்க. மக்னீசியம் கம்பி, டேங்க் துருப்பிடிக்கறதுக்கு பதிலா அது கரையும், அதுக்குத்தான் உள்ள வெச்சிருக்கறதே. உப்புத்தண்ணில வருஷத்துக்கு ஒரு தடவ கழட்டி பாக்கணும், கரைஞ்சு நடுவுல இருக்கற இரும்பு கம்பி தெரிஞ்சா மாத்தணும். நூத்துல ஒரு வீட்டுலகூட யாரும் அத தொடறதில்ல. எந்த கம்பெனி தாங்கும்னு கேட்டீங்க, ராட மாத்தினா எந்த உருப்படியான கம்பெனியும் தாங்கும், மாத்தலேன்னா எதுவும் தாங்காது. வாங்கும்போது ராட் தனியா கெடைக்குமான்னு மட்டும் கேட்டுட்டு வாங்குங்க.

சும்மாபடிக்கறவன்:

இவ்ளோ தலவலி எதுக்கு, ஒரு கேஸ் கீசர் வாங்கி பாத்ரூம்லயே மாட்டிட்டா நிமிஷத்துல வெந்நீர், கரண்டும் வேணாம், டேங்க்கும் வேணாம்.

ஸ்பேனர்சாமி:

தம்பி, பாத்ரூம் உள்ள கேஸ் கீசர் கூடவே கூடாது. மூடின ரூம்ல எரியும்போது காத்து பத்தாம கார்பன் மோனாக்சைடு வரும், நெறம் கெடையாது வாசன கெடையாது, மயக்கம் வர்றதே தெரியாம விழுந்துடுவாங்க, உள்ள தாப்பா வேற போட்டிருப்பாங்க. ஜன்னல் இருக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்குன்னு சமாதானம் சொல்லாதீங்க. கேஸ் வேணும்னா வெளிய காத்தோட்டமான எடத்துல மாட்டி பைப் மட்டும் உள்ள கொண்டுவரணும், புகைக்குழாய் திறந்தவெளிக்கு போகணும்.

மாடிவீட்டுக்காரன்:

சாமி அண்ணே, படிச்சுட்டு கை நடுங்கிடுச்சு. பையன் அதுக்கு கீழ நின்னுதான் ஒரு வருஷமா குளிச்சிருக்கான். கீசர் எப்படியும் ஆஃப்ல இருக்கு, நாளைக்கே கழட்டி பாக்கறேன்.

ரெண்டு சந்தேகம். லாஃப்ட்டுக்கு அடில ஒன்றரை அடிதான் எடம், கடைக்காரர் படுக்க வெக்கற மாடல் எடுங்கன்னார், அது பரவாயில்லையா? அப்புறம் பாயிண்ட் பத்தி யாரும் சொல்லலையே.

ட்ரிப்பர்:

பாயிண்ட் பத்தி நான் சொல்றேன், எங்க வீட்ல பட்டு தெரிஞ்சுகிட்டது.

எங்க வீட்லயும் கீசரும் வாஷிங் மெஷினும் ஒரே லைன். 2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், வெந்நீர்ல துவைக்கற மெஷின் அதே அளவு இழுக்கும், ரெண்டும் சேந்தா 17, 18. ஒரு ஞாயித்துக்கெழம மெஷின் ஓடுது, கீசரும் ஓடுது, ப்ளாஸ்டிக் கருகற நாத்தம். போய் பாத்தா சாக்கெட் ஒரு பக்கம் உருகி ப்ளக் அதோட ஒட்டிக்கிச்சு. எம்சிபி (லோடு ஏறினா தானா விழற ஸ்விட்ச்) ட்ரிப் ஆகவே இல்ல, ஏன்னா முன்னாடி வந்தவர் அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு பெருசா ஒண்ணு மாத்தி வெச்சிருக்கார். இதுவும் சாமி சார் சொன்ன எண்ட் கேப் மாதிரியேதான், தொந்தரவு பண்றத வாயடைக்கறது.

அதனால போர்டுலேர்ந்து கீசருக்குன்னு தனி லைன் இழுங்க. 2 கிலோவாட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், 16 ஆம்பியர் எம்சிபி, பாத்ரூமுக்கு வெளிய டபுள் போல் ஸ்விட்ச். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா கீசர் வாங்கறதுக்கு முன்னாடி அத வாங்குங்க, எம்சிபி வயர காப்பாத்தும், ஆர்சிசிபிதான் ஆள காப்பாத்தும். எலிமெண்ட் வெடிச்சு கரண்ட் தண்ணில கசிஞ்சா சட்டுன்னு அணைக்கறது அதுதான். மாசம் ஒரு தடவ டெஸ்ட் பட்டன அமுக்கி பாக்கணும். எர்த் உண்மையாவே வருதான்னு எலக்ட்ரீஷியன மீட்டர் வெச்சு காட்டச் சொல்லுங்க, சாக்கெட்ல மூணாவது ஓட்ட இருக்கறதால எர்த் இருக்குன்னு அர்த்தம் இல்ல.

நாலாம்மாடி:

ட்ரிப்பர் அக்கா சொன்னத படிச்சுட்டு இப்பதான் போய் எங்க ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன அமுக்கினேன். விழல. நாலு வருஷமா இத நம்பி வெந்நீர்ல குளிச்சுட்டு இருந்திருக்கேன். எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டாச்சு.

ஸ்பேனர்சாமி:

படுக்க வெக்கற மாடல் பத்தி. எடம் இல்லேன்னா வேற வழி இல்ல, ஆனா நிக்கற மாடல்ல சூட்டுத்தண்ணி மேல நிக்கும் பச்சத்தண்ணி அடில தங்கும், கலக்காம கடைசி வரைக்கும் சூடா குடுக்கும். படுத்ததுல அந்த அடுக்கு மெலிசா இருக்கறதால சீக்கிரம் கலந்துடும், 25 லிட்டர்ல உங்களுக்கு கெடைக்கறது கொஞ்சம் கம்மியாகும். இன்னொண்ணு, நிக்கற மாடல வாங்கி எடமில்லேன்னு படுக்க வெச்சு மாட்டற புண்ணியவான்களும் இருக்காங்க, எலிமெண்ட் பாதி தண்ணிக்கு வெளிய நின்னு கருகிடும், வாரண்டியும் கெடைக்காது. லாஃப்ட்டுக்கு அடில வேணாம், ஷவருக்கு எதிர் சுவர்ல எடம் இருந்தா நிக்கற மாடலையே மாட்டுங்க. எங்க மாட்டினாலும் ஃப்ளேஞ்ச் (எலிமெண்டும் ராடும் மாட்டியிருக்கற மூடி) இருக்கற பக்கம், நிக்கற மாடல்ல அடில, ராட கழட்டி உருவற அளவுக்கு எடம் விடணும். மாட்டும்போது யாரும் இத நெனைக்கறதில்ல, அடுத்த வருஷம் நான் வந்து நிக்கும்போது ஸ்பேனரே உள்ள போகாது, மொத்த கீசரையும் எறக்க வேண்டியிருக்கும்.

தண்ணியோட சேத்தா 35 கிலோவுக்கு மேல தொங்கப் போகுது, ஹாலோ ப்ளாக் சுவரா இருந்தா சாதாரண ஃபிஷர் தாங்காது, அதுக்குண்டான ஆங்கர் கேளுங்க. வெந்நீர் போற லைன் சிபிவிசியா இருக்கணும், வெள்ள பிவிசிய வெந்நீர்ல போட்டா கொஞ்ச நாள்ல தொளதொளன்னு வளைஞ்சு ஜாயிண்ட் விட்டுடும். பழைய வால்வ தூக்கிப் போட்டுடுங்க, புது கீசரோட வர்ற வால்வதான் போடணும், அதுக்கும் டேங்க்குக்கும் நடுவுல வேற எந்த வால்வும் வரக்கூடாது. சொட்டற வாய்ல ஒரு ட்யூப் மாட்டி கீழ வடிகால் பக்கம் இறக்கிடுங்க, ட்யூப் முனை திறந்தே இருக்கணும், தரையும் நனையாது. பம்ப்போட அழுத்தம் எத்தன பார்னு பாத்துக்கங்க, வீட்டு பம்ப் பெரும்பாலும் 2 பார் சொச்சம்தான், 8 பார் தாங்கும்னு போட்ட டேங்க் எடுத்தா போதும். பம்ப் பச்சத்தண்ணி லைனுக்கு மட்டும் போட்டிருக்கா, கீசர் லைனுக்கும் சேத்தா? ஒரு பக்கம் மட்டும்னா மிக்ஸர்ல பச்சத்தண்ணி வெந்நீர பின்னால தள்ளிடும், கீசர் கொதிச்சாலும் ஷவர்ல குளிரும்.

மாட்டி முடிஞ்சதும் மொதல்ல வெந்நீர் குழாய தெறந்து வெச்சு காத்தெல்லாம் போய் தண்ணி கம்பி மாதிரி வர்ற வரைக்கும் விடுங்க, அதுக்கப்புறம்தான் ஸ்விட்ச். காலி டேங்க்ல போட்டா எலிமெண்ட் அங்கேயே போச்சு.

கணக்குப்புள்ள:

இன்னும் ஒண்ணு, தெர்மோஸ்டாட்ட கடைசி வரைக்கும் திருகாதீங்க. சூடு ஏற ஏற உப்பு அதிகமா படியும், எலிமெண்ட் மேல ஓடு கட்டும். அதுக்காக 40லயும் விடக்கூடாது, 20லேர்ந்து 45 டிகிரி வரைக்கும் லீஜியோனெல்லா கிருமி சொகுசா வளரும். 60 நல்ல நடு எடம். ஆனா 60 டிகிரி தண்ணி பெரியவங்க தோலையே அஞ்சு செகண்ட்ல வேக வெச்சுடும், சின்னப்பையன் இருக்கான், பச்சத்தண்ணிய மொதல்ல தெறக்கணும்னு பழக்கிடுங்க.

மாடிவீட்டுக்காரன்:

பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், ஆள் கெடைக்கறதுக்கே ஒரு வாரம்.

பழச கழட்டினோம். ஃப்ளேஞ்ச தெறந்ததும் ஈரச் சுண்ணாம்பு மாதிரி ரெண்டு மக் அளவுக்கு கொட்டிச்சு. ஆனோட் ராட் இருந்த எடத்துல ஒரு மெல்லிசு துருக்கம்பிதான் மிச்சம், தொட்டதும் ஒடஞ்சுது. ஓட்ட விழுந்தது அடி தையல்ல. சாமி அண்ணே சொன்ன மாதிரி வால்வுல இருந்த நான்-ரிட்டர்ன் உப்பு அடச்சு பாதி தெறந்தபடியே நிக்குது, போட்டோ எடுத்து வெச்சிருக்கேன்.

25 லிட்டர், நிக்கற மாடல், எதிர் சுவர்ல. தனி லைன் இழுத்தாச்சு, ஆர்சிசிபி எங்க வீட்ல இல்லவே இல்ல, அதையும் போட்டாச்சு. பம்ப் ரெண்டு லைனுக்கும் சேத்துதான் இருந்துச்சு, நல்லவேள. மாட்ட வந்த பையன் புது வால்வ மாட்டிட்டு, பைல கை விட்டு ஒரு எண்ட் கேப் எடுத்தான் பாருங்க. தம்பி அத உள்ள வையின்னு சொன்னேன். சொட்டும் சார், அப்புறம் நீங்களே கூப்பிட்டு கம்ப்ளைண்ட் பண்ணுவீங்கன்னான். சொட்டட்டும்னேன், என்ன ஒரு மாதிரி பாத்தான்.

ட்யூப் மாட்டியாச்சு, தினமும் சொட்டுது. இவ்ளோ சொட்டறது சரிதானான்னு மட்டும் சொல்லுங்க, அம்மாவுக்கு கவலையா இருக்கு.

கணக்குப்புள்ள:

25 லிட்டர், 25 டிகிரிலேர்ந்து 60 வரைக்கும், 1.4 சதவீதம். குழாய தெறக்காம ஒரு தடவ முழுசா காஞ்சா 350 மில்லி வரணும். ஒரு மக் வெச்சு அளந்து பாருங்க. அதவிட ரொம்ப அதிகமா வந்தாலோ, காயாத நேரத்துலயும் சொட்டினாலோதான் வால்வுல கோளாறு.

மாடிவீட்டுக்காரன்:

அளந்தேன். முந்நூத்தி முப்பது. அம்மா மக்க அங்கேயே நிரந்தரமா வெச்சுட்டாங்க, ஆற வெச்சு மாடி தொட்டிச்செடிக்கு ஊத்தறாங்களாம்.